நூற்றிப் பதினேழு

இறந்தவர் பெயரை நீக்கக்கூடாது என்பது
தாமுவே மரண சகாய சங்கத்தின் விதி.
நீக்கினால் வரிசை எண்கள் தாமாக நகர்ந்து
நாற்பத்தெட்டு நாற்பத்தேழாகிவிடும்,
ஒருவர் பாக்கி இன்னொருவர் தலையில் ஏறும்.
ஆகவே பெயரைத் தேர்ந்தெடுத்து
திரையின் மேல்வரிசையில்
வயிற்றில் கோடு பாய்ந்து நிற்கும்
அந்தச் சின்னப் பொத்தானை அமுக்குவேன்.
ஒரு சொடுக்கு.
சங்கு ஊதுவதெல்லாம் வீட்டுக்காரர் பாடு.

தடித்த எழுத்து என்றால் சந்தா கட்டியவர்.
சாய்ந்த எழுத்து, நாட்டை விட்டுப் போனவர்.
என் தம்பி வேம்புராஜ் இரண்டு வருடமாகச்
சாய்ந்தே இருக்கிறான்,
பினாங்கில், தட்டு கழுவும் தொட்டியின் மேல்.
இரட்டைக் கோடு என்றும் ஒன்று இருக்கிறது.
யாருக்கு என்று இதுவரை தெரியவில்லை.
வீட்டுக்கு ஒரு பெயர், அடையாள அட்டைக்கு ஒரு பெயர்
என்று வைத்திருக்கிறோமே,
எங்களுக்காகவே செய்திருப்பார்களோ என்னவோ.

கோடு எழுத்தின் இடுப்பில்தான் போகும்.
புள்ளிகள் உயரத்தில் இருப்பதால் தப்பிவிடும்.
செம்புலிங்கம் என்ற பெயரை அடித்த அன்று
மூன்று புள்ளிகள் மேலே நின்றன,
வெள்ளத்தில் கூரை ஏறிய கோழிகள் மாதிரி.

அடித்தது தவறு.
'பா சிட் போய்விட்டார்' என்று
ஆஸ்பத்திரிச் செய்தி பர்மியப் பெயரில் வந்தது.
எங்கள் பட்டியலில் பா சிட் இவர் ஒருவர்தான்.
யாங்கோனில் எத்தனை பா சிட் என்று
யார் எண்ணிப் பார்த்தார்கள்?
பொருளாளர் மாலைக்குச் சொல்லி
முன்பணமும் கொடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை அவரே வந்தார்,
குடையை வாசலில் உதறிக்கொண்டு,
லுங்கி மடிப்பில் மூவாயிரம் கியாட்டோடு.
திரை தெரியும் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு,
கண்ணாடியைத் துடைத்து,
தன்னைத் தேடினார்.

"பூபதி, என் மேலே என்னம்மா கோடு?"

கைதவறிப் பட்டுவிட்டது என்றேன்.
மேலும் கீழும் இருந்த கோடுகளைப் பார்த்தார்,
அந்தப் பெயர்கள் எல்லாம் அவருக்குத் தெரியும்,
பாதிப் பேருக்குத் தோள் கொடுத்தவர்.
"எத்தனை நாளா?"
"ஒன்பது நாள், ஐயா."
"அதான், முழங்கால் வலியே இல்லை."

அடித்த பொத்தானேதான் எழுப்பவும்.
அமுக்கினேன். கோடு போயிற்று.
அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.
சேமிக்கக் கை போவதற்குள்
மின்சாரம் போயிற்று.
தெரு முழுக்க ஒரே நேரத்தில் 'ச்சே' என்றது.
பேட்டரி வாங்கும் தீர்மானம்
மூன்று கூட்டமாகத் தள்ளிப் போகிறது.

"இப்ப நான் எப்படி இருக்கேன்?"
இருட்டுக்குள்ளிருந்து கேட்டார்.
"கோப்பில் இன்னும்…"
"சரி, பதினோரு மணிக்குத்தானே வரும்?
அதுவரை உட்கார்ந்திருக்கேன்.
இப்படியே வீட்டுக்குப் போக முடியாது."
முழங்காலில் ஒரு கொசுவை ஓங்கி அடித்தார்.
எதிர்வீட்டு ஜெனரேட்டர் இருமி இருமிக் கிளம்பியது.

ரசீதையாவது போடுவோம் என்று
கைபேசி வெளிச்சத்தில், பேனாவால்.
அவசரத்தில் 'செம்பலிங்கம்' ஆகிவிட்டது.
அடித்தேன். பக்கத்திலேயே திருத்தி எழுதினேன்.
வாங்கி, கண்ணருகே பிடித்து,
அடியில் அச்சிட்டிருந்ததை
உரக்க வாசித்தார்:
அடித்தல் திருத்தல் இருந்தால் இந்த ரசீது செல்லாது.

"வேறே தாள் கிழிம்மா."

கிழித்தேன்.
இந்த முறை மூன்று புள்ளிகளையும் முதலில் வைத்துவிட்டு
அவற்றுக்குக் கீழே எழுத்துகளைக் கொண்டுவந்து சேர்த்தேன்.
அவர் தந்த நோட்டுகளில் ஒன்று ஓரம் கிழிந்திருந்தது.
எந்தக் கடையிலும் வாங்க மாட்டார்கள்.
வாங்கிக்கொண்டேன்.