இரவல் பகுதி 621.37

அக்கரைப்பற்றுப் பொது நூலகத்தில்
மின்பொறியியல் தட்டின் கடைசியில்
பிஸ்கற் பெட்டி அளவில் ஒரு பெட்டி.
முதுகில் எண் ஒட்டியிருக்கிறார்கள், புத்தகமென்றே நினைத்து.
பதினாலு நாள் தவணை. பிந்தினால் தண்டம்.
"கிழிச்சிராதீங்க" என்றா ஜெஸீமா, பழக்கத்தில்.
பிறகு தானே சிரித்தா.

உள்ளே, வயரைக் கவ்வ ஒரு கறுப்புக் கொடுக்கு,
மேசை மணிக்கூடு போல ஒரு திரை,
மும்மொழியில் ஒரு தாள்.
தமிழில் ‘மின்சாரம்’ மூன்று இடத்தில் ‘மின்சாபம்’ ஆகியிருந்தது.
யாரோ பென்சிலால் ஒன்றைத் திருத்திவிட்டு
மற்ற இரண்டையும் சரிதானே என்று விட்டிருந்தார்கள்.

போன மாதம் நூற்றுப் பதினெட்டு யூனிற்.
நான் பள்ளிக்கூட வாசலுக்கு ஐஸ் பைக்கற் கட்டிக் கொடுப்பவள்.
வீட்டில் எல்லார் மேலும் சந்தேகம்:
நௌஸாத்தின் கம்பியூட்டர், மகள் தினமும் அயன் பண்ணும் யூனிபோம்,
அணைக்க மறந்த குசினி லைற்.
நௌஸாத் மெயின் பெட்டியைத் திறந்து கொடுக்கை மாட்டினான்.
கேத்தல் ஆயிரத்து எண்ணூறு. அயன் ஆயிரம்.
கம்பியூட்டர் பாவம், தொண்ணூறு.
ஐஸ்பெட்டி நூற்று நாற்பது. கொஞ்சம் ஓடும், கொஞ்சம் ஓயும்,
கதவு ரப்பர் நைந்ததால் உடனே திரும்பவும் ஓடும்.
கள்ளனைப் பிடித்தாச்சு.
அவன்தான் எங்களுக்குச் சோறு போடுகிறவன்.

நித்திரை வராத ஒரு ராவில் பக்கப் பொத்தானை அமுக்கினேன்.
எங்கள் நாட்களுக்கு முன்னாலும் நாட்கள் இருந்தன.
வேறொரு வீடு.
முந்நூற்றுப் பதினெட்டு. முந்நூற்று இருபது. முந்நூற்றுப் பதினேழு.
சுபஹு, லுஹர், நடுச்சாமம், எல்லாம் ஒரே கோடு,
அடிமட்டம் வைத்துக் கீறியது போல.
எந்த ஐஸ்பெட்டியும் இப்படி ஓயாமல் ஓடாது.
"ஒக்சிஜன் மிஷின், ராத்தா" என்றான் நௌஸாத் காலையில்.
"ஆஸ்பத்திரி வயரிங்குக்குப் போனப்ப கண்டிரிக்கன்."

ஏழாம் நாள் இரவு, கோட்டில் ஒரு குழி.
எட்டுப் பத்திலிருந்து எட்டு முப்பத்தைந்து வரை பூச்சியம்.
அந்த இருட்டு எனக்கும் ஞாபகம். ஊருக்கே போன கரண்ட்.
நான் கேற்றடியில் நின்று சபையைத் திட்டிக்கொண்டிருந்தேன்,
முந்நூறு பைக்கற்றும் இளகிவிடும் என்று.

பதினோராம் நாள், விடிய மூன்று ஐம்பது.
முந்நூற்றுப் பத்தொன்பது, நாற்பத்தொன்று ஆனது.
நான்கு ஐந்துக்கு எல்லா லைற்றும்.
நான்கு இருபதுக்குக் கேத்தல். பிறகும் கேத்தல். பிறகும்.
ஆறரைக்குத் தண்ணி மோட்டர், நாற்பது நிமிடம்.
அதற்குப் பிறகு ஃபேன்கள், பின்னேரம் வரை, நிறைய ஃபேன்கள்.
அப்புறம் பன்னிரண்டு நாள்,
கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றாமல்,
எழுபது, எண்பது, எழுபது.

என்ன கணக்குப் பார்க்க எடுத்தார்களோ.
யூனிற் கணக்குத்தான், வேறென்ன.
நானும் அதற்குத்தான் எடுத்தேன்.

தவணை முடியக் கொண்டுபோனேன்.
மூடியில் ஒட்டிய சீட்டில், எனக்கு மேலே, ஓர் அங்கத்துவ எண்.
ஒன்பது நாள் பிந்தியிருக்கிறது.
தண்டம் எழுதும் கட்டத்தில் வெறும் ஒரு கோடு.
"முன்ன எடுத்தது ஆரு?"
"அதச் செல்லேலா" என்றா ஜெஸீமா.
"பழைய ரீடிங்க அழிச்சித் தரணும், தாளில இரிக்கே."
இருந்தது, மின்சாபங்களுக்குக் கீழே.
எல்லாம் அழி, அல்லது வேண்டாம்.
என்னுடையதை மட்டும் அழிக்க வழியில்லை.

திரையை அவவின் பக்கம் திருப்பினேன்.
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
பொத்தானை ஒவ்வொன்றாக அமுக்கி
அந்த நாற்பத்தொன்று வரைக்கும் போனா.
வரிசையில் ஒரு பொடியன் இருமினான்.
பிறகு முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டே
"பற்றரி இறங்கிட்டுப் போல" என்றா.
பெட்டியை மூடினா.

வரும் வழியில் ஐஸ்பெட்டி ரப்பர் விலை கேட்டேன்.
இரண்டாயிரத்து முந்நூறாம்.
அடுத்த மாதம்.