செய்திகள் வாசிப்பது

மண்டபத்தில் பஸ் நின்றதும் பாதி காலியானது.
எல்லோரும் அந்தச் சின்னக் கோயிலுக்குத்தான்.
ராமநாதபுரத்திலிருந்து ஒரு வேன்,
உச்சிப்புளி ஆட்டோ இரண்டு,
ஐஸ் கம்பெனி முதலாளி குடும்பத்தோடு.

நான் மாதா கோயில்காரன்.
வாசலில் தீர்த்தத் தொட்டி தேடிய விரல்
வெறும் சுவரைத் தொட்டுவிட்டுச்
சட்டையில் துடைத்துக்கொண்டது.
சுரூபம் இல்லை, மெழுகுதிரி இல்லை,
மேசைமேல் ஒரு குவளையில் காகிதப்பூ.
கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்,
செருப்பு கண்ணில் படும்படி.

வந்தார்
ஜெபக்கனி தேவநேசன்.
இருபத்தேழு வருஷம்
காலை ஏழே காலுக்குச் செய்தி சொன்னவர்.
மந்திரிசபை கவிழ்ந்ததும்
ராக்கெட் மேலே போனதும்
அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு நடந்தது.
நேரில் ஆள் குட்டை.
காதில் மெஷின்.
சேலைத் தலைப்பு நழுவாமல் ஒரு பெரிய ஊக்கு.
'இவங்களா?' என்றார் பக்கத்திலிருந்தவர்.
வாயைத் திறந்தார்,
அத்தனை கைபேசியும் எழும்பியது.

இன்றைக்குக் கப்பல் உடைந்த பாடம்.
கைதிகளை ஏற்றிப் போன கப்பல்.
நாள்கணக்கில் சூரியன் கிடையாது, வெள்ளி கிடையாது.
அந்தக் காற்றுக்கு வேதத்தில் நீளமாய் ஒரு பெயர்;
எந்தெந்த தேசத்து ஜனாதிபதிகளையோ
தட்டாமல் உச்சரித்த நாக்கு
அதையும் தட்டாமல் கடந்தது.
எங்களுக்கு வாடை, கொண்டல், கச்சான், சோழகம்.
எல்லாம் வாய்க்குள் அடங்கும் காற்று.
அடங்குவது பெயர் மட்டும்தான்.

பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரம் இறக்கினார்கள் என்றபோது
எனக்கு முன்னால் ஒரு வலைக்காரர்
'சரிதான்' என்று முனகினார்.
முன்னால் போட்டால் கப்பல் சுழன்று
பாறைக்கு விலாவைக் காட்டும்.
அந்தம்மாவுக்கு இது தெரிந்திருக்காது.
ஆனாலும் அந்த இடத்தில் சற்று நிறுத்தி
நிதானமாக வாசித்தார்.

இருநூற்றெழுபத்தாறு பேர்.
அத்தனை பேரும் கரையேறினார்கள்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
யாரோ ஆமென் என்றார்கள்.
என் வாயும் அசைந்தது, சத்தம் வரவில்லை.

எனக்கு வேறொரு ஏழே கால்.
கார்த்திகை மழை ஓய்ந்து ஓலை சொட்டிக்கொண்டிருந்தது.
டீக்கடை ரேடியோவைச் சுற்றித் தெருவே நின்றது,
அம்மா மட்டும் தள்ளி, மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு.
'ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலுக்குச் சென்ற
நான்கு மீனவர்களைக் காணவில்லை.'
மூச்சு விடும் இடைவெளி.
கான்பூர் டெஸ்டில் மூன்று விக்கெட்.

ஆறு விநாடி.
பிறகு எத்தனையோ ராத்திரி
அதே வேகத்தில் சொல்லிப் பார்த்து எண்ணியிருக்கிறேன்.
கஸ்பார் என்று சேர்த்துச் சொல்ல
இன்னும் அரை விநாடி போதும்.

படம் எடுக்க வரிசை நீண்டது.
முதலாளி மகள் மூன்று முறை நின்றாள்.
நான் கேள்வியை மடித்து வைத்திருந்தேன்:
அம்மா, அந்தத் தாளில் பெயர்கள் இருந்தனவா,
யாராவது அடித்துவிட்டுத் தந்தார்களா?
இருபத்தொன்பது வருஷமாக
மடித்து மடித்து மடிப்பில் கிழிந்த கேள்வி.
'அண்ணே, சீக்கிரம்' என்றான் கேமராப் பையன்.

மெஷின் இருந்த காதை என் பக்கம் சாய்த்து
'பேர் என்ன?' என்றார்.

கஸ்பார் என்றேன்.

என் பெயர் அது இல்லை.
ஏன் சொன்னேன், தெரியாது.

'கஸ்பார்' என்றார்.
'ஸ்' தேயாமல்,
கடைசி 'ர்' முழுசாக,
அந்தக் காலைக் குரலில்.
'சாப்பிட்டுட்டுப் போங்க கஸ்பார்,
பின்னால பந்தி போட்டிருக்காங்க.'

பின்னால் வேப்பமரம். பிளாஸ்டிக் நாற்காலி.
தக்காளிச் சோற்றில் உப்பு கூடுதல்.
இரண்டாம் தடவையும் வாங்கினேன்.