நாலு மோலார் உப்பு

உச்சிப்புளி ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம்,
என்றார் மதுரையிலிருந்து நைட்ரஜன் சிலிண்டர் கொண்டுவந்தவர்.
வாயு ஓடாமல் விளக்கைப் போட்டால்
ஓசோன் கண்ணாடியைத் தின்றுவிடும்.
மண்டபத்தில் கச்சான் அடிக்கிற மாதம்,
ஜன்னல் இடுக்கெல்லாம் மணல்.
குப்பியை மூன்று முறை கழுவினேன்.

க்வார்ட்ஸ் குப்பி, ஒரு மில்லிமீட்டர் இடைவெளி.
ஏழெட்டுச் சொட்டு டி.என்.ஏ.
ஜி, சி, ஜி, சி என்று
இரண்டே எழுத்தைப் பிடிவாதமாய்ச் சொல்லும் இழை.
பார்க்க ஒன்றுமில்லை. தண்ணீர்.

அதனால் ஒளியை முறுக்கி அனுப்புகிறோம்
வலமாய், இடமாய்,
நொடிக்கு ஐம்பதாயிரம் முறை மாற்றி மாற்றி.
எதை ஒரு மிடறு கூடுதலாய்க் குடிக்கிறது
என்பதுதான் கேள்வி.
அந்த மிடற்றில் கோடு ஏறும், இறங்கும்.
கோட்டிலிருந்து முறுக்கை ஊகிக்கிறோம்.

இருநூற்று எண்பதில் மேடு,
இருநூற்றைம்பதில் பள்ளம்.
"சோத்தாங்கைச் சுருள்" என்றாள் ஹபீபா.
பாடப்புத்தகத்தில் உள்ளபடியே.
சலிப்பாகக்கூட இருந்தது.

பிறகு உப்பு.
வாலிநோக்கத்தில் அது தார்ப்பாய்க்கு அடியில்
மலையாய்க் கிடக்கிறது.
எங்கள் பாட்டில் மும்பையிலிருந்து கூரியரில் வந்தது;
விலையைச் சொன்னால் உப்பளத்தில் சிரிப்பார்கள்.
நாலு மோலார்.
வெளியே கிடக்கும் கடலைப்போல் எட்டு மடங்கு கரிப்பு.
ஹபீபா பீச்சாங்கைக்காரி.
பிப்பெட்டுக்கு அது ஒரு பொருட்டில்லை.

ஐந்தாம் நிமிடம் மேடு சரிந்தது.
முப்பதில் கோடு படுத்துக்கொண்டது.
ஐம்பதில்
பள்ளமிருந்த பக்கம் மேடு,
மேடிருந்த பக்கம் பள்ளம்.

"குப்பியைத் திருப்பி வைச்சுட்டியா?"
திருப்பினாலும் முறுக்கு மாறாது.
தெரிந்தும் கேட்டேன்.
நூலேணியைத் தலைகீழாய்த் தொங்கவிட்டாலும்
வலம் வலம்தான்.

"சங்குக்கு மட்டும் ரெண்டு கணக்கு" என்றாள்.
அவள் தம்பி கீழக்கரையில் முக்குளிப்பவன்.
பதினொரு வருஷம், ஒரு வலம்புரி சிக்கவில்லை.
சிக்கினால் மாடி எடுக்கலாம்.
"நாம வலம்புரிங்கிறோம்,
கீழ்த்தள அலமாரி அட்டையில இடதுன்னு இருக்கு.
அவங்க சுருள் உச்சியை மேலே வைச்சுப் பார்க்கிறாங்க,
நாம கீழே."
சங்கு மாறவில்லை. பெயர்தான்.

இங்கே மாறியது பெயரல்ல.
ஒரு சங்கு ஆயுள் முழுக்கச் செய்யாததை
ஒரு மணி நேரத்தில், உப்புக்காக,
இந்த இழை செய்திருக்கிறது.
எப்படி என்று கோடு சொல்லாது.
பாதி புரண்டபோது
என்ன கோலத்தில் கிடந்தது என்று
கருவிக்குத் தெரியாது.
எனக்கும்.

பதினொன்றரைக்கு நீர்த்தோம்.
உப்பு இறங்கினால் பழையபடி வலத்துக்கு வரவேண்டும்.
கோடு அசைய ஆரம்பித்த மாதிரி இருந்தது.
மாதிரிதான்.
கரண்டு போனது.
யு.பி.எஸ். பன்னிரண்டு நிமிடம் கத்திவிட்டு
அதுவும் அடங்கியது.

தெற்கே ஏதோ ஒரு விசைப்படகின் இரைச்சல்.
மூடியைத் திறந்து குப்பியை வெளியே எடுத்தாள்,
எந்தக் கையால் என்று இருட்டில் தெரியவில்லை.
"இப்ப எந்தப் பக்கம் இருக்கும்?"

செல்போன் வெளிச்சத்தில்
நோட்டில் நேரத்தை மட்டும் எழுதினேன்.
11.52.
அதற்கு நேரே இருந்த கட்டத்தை
காலியாக விட்டேன்.