பி பக்கம்

முதலில் எண்ணிக்கையில் பிடுங்குப்பட்டோம்.
மண்டபத்தில் நாற்பது பேர் என்கிறான் இஷாம்தீன்.
நூற்றைம்பது என்கிறாள் மர்லின்.
எனக்கு ஞாபகம் கதிரைகள்தான்:
சுவரோரம் அடுக்கியவை, ஒருவரும் விரிக்காதவை.

கொம்பனித்தெருவில், புதுக் கட்டடங்களின் நிழல்
மூன்று மணிக்கே விழுந்துவிடுகிற சாப்பாட்டுக் கடை.
நாலு பிளேன்ரீ, ஒரு தட்டு ரோல்ஸ்,
நாற்பத்திரண்டு வருடம்.

'ஈரச் சீமெந்து' என்று பெயர் வைத்தது
ஒர்வில் என்கிறாள் மர்லின்.
ஒர்வில் சொன்னதையெல்லாம் நம்பினவள்,
ஒரு வருடம் அவனைக் கட்டியும் இருந்தவள்.
இல்லை, தெமட்டகொட ரயில்வே மண்டபத்துப் படியில்
ஸல்தீனின் சப்பாத்து புதைந்த அன்று
தானாக விழுந்த பெயர் என்கிறான் இஷாம்தீன்.
படி இன்னும் இருக்கிறதாம், சப்பாத்து அடையாளத்தோடு.
மண்டபம் இல்லை.

பைலா போடு, பைலா போடு என்று
பின்னாலிருந்து கத்தினார்கள்.
ஸல்தீன் சட்டைப் பையிலிருந்து
தண்ணீர் வெட்டுகிற சிவப்பு நோட்டீசை எடுத்து
ஒரே சுருதியில் வாசித்தான்,
சிங்களத்தில், தமிழில், பிறகு இங்கிலீசில்,
திகதி, கையொப்பம், முத்திரை வரை.
ஒர்வில் சனத்துக்கு முதுகு காட்டி நின்று
பேஸ் கிற்றாரில் நாலே நாலு சுரம்.
பேரின்பனின் கிற்றார் பாடவில்லை,
அடிப்பிடித்த சட்டியைப்போல எதையோ சுரண்டியது.
களனிப் பக்கமிருந்து ரயில் வந்தால்
லலிந்த தாளத்தை ரயிலிடம் கொடுத்துவிட்டு
கையைத் தூக்கி வைத்திருப்பான்.
கடைசிப் பெட்டி போன கணத்தில் திரும்பப் பிடிப்பான்.
ஒருநாளும் பிழைத்ததில்லை.
பிழைத்தது, இரண்டு தரம், என்கிறான் கீர்த்தி.

எனக்குப் பத்தொன்பது வயது.
கோட்டையில் கப்பல் கம்பனியில் டைப்பிஸ்ட்.
பகல் முழுக்க யாருடையவோ கடிதங்களுக்கு நான் விரல்.
அந்த நோட்டீஸ் பாட்டில்தான்
என் வேலையின் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன்.

ஐந்து கச்சேரி. ஆறாவதுக்கு ரிக்கற் அடித்தாயிற்று:
எண்பத்து மூன்று, யூலை முப்பது, சனிக்கிழமை.
இந்த இடம் வந்ததும் மேசை பேசுவதை நிறுத்திவிடும்.
இஷாம்தீன் ரோல்ஸ் தட்டை என் பக்கம் தள்ளினான்.
பேரின்பன் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனான்,
கிற்றாரை லலிந்தவின் கட்டிலுக்கடியில் விட்டுவிட்டு.

இனி நான் கைப்பையைத் திறக்கவேண்டும்.

ஐந்தாவது கச்சேரியைப் பதிந்த ஒரே கசெற்
என்னிடம் இருந்தது.
தொலைந்தது என்று இவர்களுக்குச் சொல்லிவந்தேன்.
தொலையவில்லை.
ஸ்டுட்கார்ட்டில் இருந்த சுதேசன் அண்ணாவுக்கு
குரலில் ஒரு கடிதம் அனுப்பவேண்டியிருந்தது.
வீட்டில் வெறும் கசெற் இல்லை,
கடைவரைக்கும் நடக்க எனக்குக் கால் வரவில்லை.
அதன் மேலேயே பேசினேன்.
மாசியில் அண்ணா போய்விட்டார்.
அவருடைய சொக்ஸ் லாச்சியில் இருந்ததாம்,
அண்ணி பார்சலில் அனுப்பினா.

பிளேயர் கொண்டுவா என்றபோது
கீர்த்தி ஏன் என்று கேட்கவில்லை.

அண்ணா, நாங்கள் சுகம். பாண் விலை கூடிவிட்டது.
பாஸ்போட் படத்தில் இரண்டு காதும் தெரியவேணுமாம்.
மேல்வீட்டு ஆட்கள் இன்னும் திரும்பி வரேல்லை.
வேறென்ன. வேறென்ன.
இருபத்தெட்டு நிமிடம்.
தமிழ் தெரியாத கீர்த்தியும் தலையைக் குனிந்து கேட்கிறான்.
ஓட்டிவிடு என்று ஒருவரும் சொல்லவில்லை.
சரி அண்ணா, வைக்கிறன்.
டக்.

பிறகு, நான் பேசி முடிக்காத மிச்சத்தில்,
பதினோரு விநாடி:
நாலு சுரம், ஸல்தீனின் 'திகதி',
தூரத்தில் ரயில்,
தாளம் நிற்கிறது, யாரோ இருமுகிறார்கள்,
பெட்டிகள், பெட்டிகள்,
நாடா முடிந்துவிட்டது.

கீர்த்தியின் இரண்டு விரல்கள்
மேசைக்கு மேலே தூக்கியபடி நிற்கின்றன.

இருமினது நான்தான் என்கிறான் இஷாம்தீன்.
போடா, அது நான் என்கிறாள் மர்லின்.