தூங்கினேனாம்

சிவாஸ் நீதிமன்றத்தில் சாட்சி சொல்வது
அப்படியே பதிவாவதில்லை.
அவன் பேசுவான், நீதிபதி சுருக்குவார்,
சுருங்கியதைத் தட்டச்சுக்காரி தட்டுவாள்.
இந்த இரண்டு தாவல்களுக்கு நடுவே
ஓர் அசை எங்கோ விழுந்துவிட்டது.
அதைத் தேடித்தரத்தான் என்னை
அங்காராவிலிருந்து அழைத்திருந்தார்கள்:
போக வரப் பேருந்துக் கட்டணம், ஒருவேளைச் சாப்பாடு.

பதிவேட்டில்: உயுதும். தூங்கினேன்.
ஒலிநாடாவில்: உயுமுஷும்.
தூங்கினேனாம்.
தூங்கிப்போயிருக்கிறேன்,
விழித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ரயில்வே கேட் காவலர் சாத்தில்மிஷ் கராதாஷ்
தொப்பியை மடியில் வைத்து
அதன் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பெயரிலேயே ஒரு மிஷ் வைத்திருக்கிறாரே
என்று வழக்கறிஞர் சிரித்தார்.
அது வேறு மிஷ், ஐயா. அது எச்சம்.
மூன்று பிள்ளைகள் தங்காமல் போனபின்
நாலாவதை அடுத்த வீட்டுக்கு ஒரு காசுக்கு விற்று
சாவை ஏமாற்றிய பெயர்.
விற்கப்பட்டவன்.

தாளில் ஒரு மரம் வரைந்தேன்,
வேர் மேலே, இலைகள் கீழே.
"இதில் ஆள் எங்கே தூங்குகிறான்?" என்றார் நீதிபதி.
கடைசிக் கிளையைக் காட்டினேன்.
எங்கள் வினைச்சொல்
'எப்படித் தெரியும்' என்பதைச் சொல்லாமல்
கடந்த காலத்துக்குள் கால் வைக்காது.
கண்டது என்றால் தி.
கேட்டது, ஊகித்தது, பிறகு உறைத்தது என்றால் மிஷ்.
தன் தூக்கத்துக்கு எவனும் நேர்சாட்சி இல்லை.
'தூங்கினேன்' என்பவனிடம் ஒரு தலையணை இருக்கலாம்,
'தூங்கினேனாம்' என்பவனிடம்
இரவு பத்தேகாலின் ரயில் சத்தம் மட்டும்.

அரசு வழக்கறிஞர் எழுந்தார்:
"அப்படியானால் ஒரு விகுதிக்குப் பின்னால்
ஒருவன் ஒளிந்துகொள்ளலாம்?"
ஒளிந்துகொள்ளலாம்.
விகுதி சத்தியப் பிரமாணம் எடுப்பதில்லை.
இதையும் பதிவு செய்யுங்கள் என்றேன்.
சுருக்கித்தான் பதிவு செய்தார்கள்.

பிறகு ஸோஹ்ரேயைக் கூப்பிட்டார்கள்.
சர்க்கரைக் கிழங்கு ஏற்றிய டிராக்டரில்
போனவரின் மனைவி.
கேட் திறந்திருந்தது, என்றாள்.
அவர் நிறுத்தினார். இரண்டு பக்கமும் பார்த்தார்.
பிறகுதான் தண்டவாளத்தில் ஏறினார்.
எல்லாம் தி. வரிக்கு வரி தி.

"அம்மா, நீங்கள் அங்கே இருந்தீர்களா?"
"வீட்டில் இருந்தேன். மாவு பிசைந்துகொண்டு."
"அப்போது 'பார்த்தாராம்' என்று சொல்லுங்கள்."
"சொல்ல மாட்டேன்."
"நீங்கள் காணவில்லையே?"
"பத்தொன்பது வருஷம் கண்டிருக்கிறேன்,
தெருவைத் தாண்டக்கூட இரண்டு பக்கமும் பார்ப்பார்.
அந்த வாலை ஒட்டினால் அவர் கதையில் வருகிறவராகிவிடுவார்.
இருந்தாராம், இல்லையாம் என்று தொடங்கும் ஆள்
யாருக்கும் புருஷன் இல்லை."

தட்டச்சு நின்றது.
நீதிபதி என்னைப் பார்த்தார்,
தராசுக்காரனைப் பார்ப்பதுபோல.

எங்கள் தொழிலில் யாரும் சொல்லாத வாக்கியத்தின் முன்னால்
சின்னதாய் ஒரு நட்சத்திரம் போடுவோம்.
பிழை என்று அர்த்தம்.
சந்தேகம் என்றால் கேள்விக்குறி.
அவள் வாக்கியத்தைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு
பென்சிலை அதற்கு முன்னால் வைத்தேன்.
அங்கேயே வைத்திருந்தேன்.

காவலரின் அசையைத் திருத்தினார்கள்.
அவருக்கு எத்தனை மாதம் என்பது
என் அறிக்கைக்குள் வராது.
வெளியே வராந்தாவில்
அவரும் அவளும் ஒரே பெஞ்சின் இரு முனையில்.
நடுவில் தொப்பி.
இருவரும் பேசவில்லை,
பேசியிருந்தால் எந்த வடிவில் என்று
நான் நின்று கேட்டிருப்பேன், வெட்கமில்லாமல்.

திரும்பும் பேருந்தில் யோஸ்காட் தாண்டியபின்
மடியில் ஓர் ஆறிய தேநீர்க் குவளை.
எனக்குத் தெரியாமல் யார் வைத்தது?
பணிப்பையன் குனிந்து சொன்னான்:
"கொண்டுவந்தேன். தூங்கிக்கொண்டிருந்தீர்கள்."

கண்டவன் பேசும் வடிவில் சொன்னான்.
என் தூக்கத்துக்கு அவன் ஒருவன்தான் சாட்சி.
குடித்தேன்.
சர்க்கரை அடியில் கரையாமல் கிடந்தது.