பதினான்கு படிகள்

வடபழனியில் இரவுக்காட்சி விட்டபோது மணி ஒன்றரை.
பார்க்கிங் டோக்கனைத் தொலைத்துவிட்ட டெல்வின்
பைகளைத் தட்டிக்கொண்டே ஆரம்பித்தான்:
"சாவி கொடுத்தாத்தான் மேளம் அடிக்கும் அந்தத் தகரக் குரங்கு.
சாவி முதுகுல இருக்கு, அதோட கை எட்டாது.
அப்ப ஊரே தூங்கும்போது எப்படி எழுந்து நடந்துச்சு?"

மெட்ரோ தூணடியில் சைக்கிள் டீக்காரர்.
ஐந்து கப்.
படம் சுமார்தான். ஓட்டைகள்தான் பிரமாதம்.

யுவராணி தி.நகரில்
நாலு மாடி பொம்மைக் கடைக்குக் கேமரா பார்ப்பவள்.
"என் பதினாறு கட்டத்துல ஒரு கரடிகூட
இதுவரைக்கும் கொட்டாவி விட்டதில்ல."
நீ பார்ப்பது அதற்குத் தெரியும் என்றேன்.
"நான் சாப்பிடப் போற அரைமணி?"
ரெக்கார்டிங் ஓடுதே.
"அப்ப படத்துல வர்ற பொம்மைக்கு மட்டும்
கேமரா கண்ணுக்குத் தெரியாதா?"

ஷமீம் கண்ணாடியைத் துடைத்தான்.
அவன் கவலை சதுரங்கம்:
பெட்டிக்குள் முப்பத்திரண்டு உயிரா, ஒரே உயிரா?
ஹாஸ்டலில் ஒரு சிப்பாய் தொலைந்துபோய்
சட்டைப் பொத்தானை வைத்து ஆடினோமே,
அந்தப் பொத்தானுக்கு எப்போது உயிர் வந்தது?
வெட்டுப்பட்ட பிறகு
அதைத் திரும்பச் சட்டையில் தைத்துக்கொண்டு
இன்டர்வியூவுக்குப் போனானே,
அந்த வேலை யாருக்குக் கிடைத்தது?

நான் கொலுப்படியை இழுத்தேன்.
மூன்றாம் படிச் செட்டியாரோடும் அவர் சம்சாரத்தோடும்
எந்தக் குழந்தையும் விளையாடுவதில்லை.
பத்து நாள் நிற்பார்கள்,
மீதி வருஷம் முழுக்கப் பழைய பேப்பருக்குள்.
அவர்கள் பொம்மைக் கணக்கா, சாமிக் கணக்கா?
"கடைக் கணக்கு," என்றான் டெல்வின்.
"முன்னால அரிசியும் பருப்பும் இருக்குல்ல."

ஏகநாதன் அதுவரை கப்பின் விளிம்பைக்
கடித்துக்கொண்டிருந்தான்.

"முடிச்சூர்ல தண்ணி வந்தப்ப எனக்குப் பதினொண்ணு.
ராத்திரி போட்ல ஏத்துனாங்க.
மூணு நாள் வீட்ல ஆளே இல்ல.
கேமரா இல்ல, கரண்ட்டே இல்ல.
மொட்டைமாடிக்குப் பதினாலு படி.
கதவைத் தொறந்து பாத்தா
எல்லாம் கட்டிலுக்கடியில, சேத்துல.
படத்துல எல்லாம்
குப்பைலாரியில இருந்தே தப்பிச்சு வருதுங்க."

யாரும் உடனே பேசவில்லை.
பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில்
அந்த வீட்டைப் பழுதுபார்க்கத் தொடங்கினோம்.
பாம்பு வந்திருக்கும், பாம்புக்கு முன்னாலும் உறையணும்.
ஹாலில் போட்டோ மாட்டியிருந்ததா?
"பெரியப்பா. கழுத்து வரைக்கும் தண்ணி."
அதான், அவர் பார்த்துக்கிட்டே இருந்திருக்கார்.
தண்ணீரும் ஓர் ஆள்தான் என்றான் ஷமீம்,
சொல்லிவிட்டு அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"யானை மட்டும் படியில இருந்துச்சு," என்றான் ஏகா.
"பிளாஸ்டிக். ஒரு காது கிடையாது.
மிதந்து போய் ஒதுங்கியிருக்கும்னு அப்பா சொன்னாரு."

யுவராணி கேமரா பார்ப்பவள்.
"சுவத்துல தண்ணிக் கோடு எந்தப் படில?"
"ஆறு."
"யானை?"

"ஒன்பது."

ஒரு தண்ணீர் லாரி
ஆற்காடு ரோட்டை நனைத்துக்கொண்டே போனது.

"எலி இழுத்திருக்கும்," என்றாள் அவள் கடைசியில்.
"எலி? யானையையா?"
"நம்ம ஊர்ல அது புதுசா?"
டீக்காரர்தான் முதலில் சிரித்தார்.

டோக்கன் டெல்வினின் போன் கவருக்குள் இருந்தது.
நானும் ஏகாவும் ஆட்டோ பிடித்தோம்.
ஈக்காட்டுத்தாங்கல் வரை முந்நூறு, பேரமில்லை.
ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு தலையாட்டிப் பொம்மை,
சட்டதிட்டம் எதையும் கேள்விப்படாதது,
மூன்று மனிதர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
இடுப்பை வளைத்து ஆடியது.
அசோக் பில்லர் சிக்னலில் வண்டி அணைந்தது.
பொம்மை இன்னும் கொஞ்ச நேரம் ஆடியது.
ஏகா அதைப் பார்க்காமல்
வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்,
அதற்குக் கொஞ்சம் நேரம் கொடுப்பவன்போல.