மூடு

பள்ளிப்பட்டைத் தாண்டி,
ஆந்திர எல்லைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் முன்னால்
எங்கள் அங்கன்வாடி.
புளியங்கொட்டைகளை டப்பாவில் போடச் சொன்னேன்,
ஒவ்வொன்றாக, எண்ணிக்கொண்டே.
லிகிதா போட்டாள்:
ஒக்கட்டி. ரெண்டு. மூடு.
பக்கத்திலிருந்த பூவரசன்
டப்பாவை மூடிவிட்டான்.

நாலாவது கொட்டை அவள் விரலிடுக்கில்.
அவள் அவனைப் பார்த்தாள், அவன் என்னைப் பார்த்தான்.
சொன்னதைத்தானே செஞ்சேன் டீச்சர்?

பயிற்சியில் சொல்லித் தந்தார்கள்:
ஒரு பொருள், ஒரு தொடுகை, ஒரு சொல்.
எந்த வீட்டுச் சொல் என்று
யாரும் கேட்கவில்லை, நானும்.

அன்று ராத்திரி தறிச்சத்தத்துக்கு நடுவே படுத்துக்கொண்டு
ரெண்டு பாஷையையும் விரல்விட்டுப் பார்த்தேன்.
ரெண்டு, ரெண்டேதான்.
ஆறும் ஆறு.
நாலுக்கு அங்கே ஒரு வால் முளைக்கிறது.
ஏழு ஏடாகிறது.
எனிமிதி என்று சொல்லிப் பார்த்தேன்,
வாய்க்குள் கூழாங்கல் உருண்டது.

மறுநாள் ரெண்டிலிருந்து ஆரம்பித்தேன்.
செருப்பு ரெண்டு. காது ரெண்டு.
பூவரசன் மூக்கில் ஒழுகும் ஓட்டை ரெண்டு.
எல்லோரும் சிரித்தார்கள்,
உறிஞ்சிக்கொண்டு அவனும்.

ஐந்து கொட்டைகளை நெருக்கி வைத்தால் ஐந்து.
அதே ஐந்தைப் பாயின் இந்த முனையிலிருந்து
அந்த முனைவரை பரப்பினால்
சாலா, என்கிறாள் லிகிதா.
நிறைய, என்கிறான் பூவரசன்.
இதில் மட்டும் தகராறே கிடையாது.
திருத்தவில்லை நான்.
கொசஸ்தலையில் கணுக்கால் தண்ணீர் கரைக்குக் கரை பரந்து ஓடும்போது
வெள்ளம் என்று நானே பயந்திருக்கிறேன்,
பி.எஸ்சி. முடித்த பிறகு.

வியாழக்கிழமை முட்டை.
ஒரு தட்டு, ஒரு முட்டை.
லிகிதாதான் வைத்துக்கொண்டே போனாள்,
சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைய.
கடைசித் தட்டும் முடிந்தது. கையில் ஒரு முட்டை நின்றது.
எத்தனை மீதி, என்றேன்.
ஒண்ணு என்பாளா, ஒக்கட்டி என்பாளா?
எதைச் சொன்னாலும் தலையாட்டத் தயாராக இருந்தேன்.

கிரீஷ், என்றாள்.

நகரியில் தறிக்கு ஆள் எடுக்கிறார்களென்று
அவன் வீட்டைப் பூட்டிப் பத்து நாளாகிறது.
பதிவேட்டில் நான் இன்னும் அவன் பெயரை அடிக்கவில்லை,
அதனால் முட்டை வந்துகொண்டிருக்கிறது.

மீதி என்ற கட்டத்தில் 1 போட்டேன்.
அவள் அதைக் கீழே வைக்கவில்லை,
தோல் உரிக்கவும் இல்லை.